கலெக்டர் ஆபீஸ் பக்கத்து ஆன்லைன் கடைக்கு நாலு ஸ்டார், வரிசையில் நின்ற நமக்கு ரெண்டு

வேலூர் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீசைச் சுற்றி இருக்கிற ஆன்லைன் சென்டர்கள் எல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான். ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பட்டா, வில்லங்கம், பான் கார்டு என்று ஃபிளெக்ஸ் முழுக்க எழுதியிருக்கும். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு சாமி படமோ மெக்கா படமோ. நான் எழுதப்போவது அதில் ஒரு கடையைப் பற்றி. "பேர் எல்லாம் போடாதீங்க சார், இப்பவே மூச்சு விட நேரமில்ல" என்று நடத்துகிற அம்மாவே சொல்லிவிட்டதால் பெயரைப் போடவில்லை. தேடிப் போகிறவர்களுக்கு அடையாளம் மட்டும் சொல்கிறேன். நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் விலைப்பட்டியல் ஒட்டியிருக்கும். அந்த ரோட்டில் விலையை எழுதி ஒட்டிய கடை வேறு ஒன்றை நான் பார்க்கவில்லை.

ஓட்டலுக்கு ரிவ்யூ எழுதுகிறோம், பிரியாணி ஆம்பூரா வாணியம்பாடியா என்று பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிறோம். நம் பெயர், அப்பா பெயர், சாதி, வருமானம், ஓட்டு எல்லாம் யாரோ ஒருத்தர் கீபோர்டில் தட்டுகிற எழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது, அந்த இடத்தைப் பற்றி நாலு வரி எழுதினால் என்ன.

முதலில் அந்தப் பட்டியல். இ-சேவை உரிமம் இருக்கிற கடை, அதனால் சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் 60 ரூபாய், அதற்கு மேல் ஒரு பைசா வாங்குவதில்லை. ஜெராக்ஸுக்கும் மனு டைப் அடிப்பதற்கும் தனிக் கணக்கு. பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500 என்று ஒரு பக்கமும், நிரப்பிக் கொடுப்பதற்கு அவர்கள் கூலி எவ்வளவு என்று எதிர்ப்பக்கமும் எழுதியிருக்கிறது. கடைசியில் ஸ்கெட்ச் பேனாவில்: "ஓட்டர் படிவம் 6, 8 இலவசம். உங்க போன்லயே போடலாம், கேளுங்க, சொல்லித் தரோம்." ஒரு கடைக்காரர் தன் வியாபாரத்தையே குறைக்கிற வரியைத் தன் சுவரில் எழுதி வைக்கிறார் என்றால் அவரை நான் நம்புவேன். இதே 60 ரூபாய்ச் சான்றுக்கு "ஸ்பீடா முடிச்சித் தரோம், ஆபீஸ்ல நம்ம ஆள் இருக்காரு" என்று முந்நூறு ரூபாய் கேட்டவர்களும் அதே ரோட்டில்தான் இருக்கிறார்கள். அந்த முந்நூறைத் தயங்காமல் நீட்டுகிறவர்களும் நம் ஆட்கள்தான், அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கடையில் எனக்கு ரொம்பப் பிடித்தது இரண்டாவது மானிட்டர். ஒன்று அந்த அம்மாவைப் பார்த்து, இன்னொன்று நம்மைப் பார்த்து. அவர் அடிப்பதெல்லாம் நமக்கும் தெரியும். சப்மிட் கொடுப்பதற்கு முன்னால் நம்மையே வாய்விட்டுப் படிக்கச் சொல்வார், படிக்கத் தெரியாதவர்களுக்கு அவரே ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டுவார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் எழிலரசி. ஆதாரில் 'ழி'க்கு இசட்-எச், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் எல், பேங்க் பாஸ்புக்கில் இரண்டு எல். இது போதாதென்று இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் அப்பா பெயரே முழுசாக விரிந்து கிடக்கிறது. அந்த அம்மா மூன்றையும் மேஜையில் வரிசையாகப் பரப்பி வைத்து, "மார்க் ஷீட்ட மாத்தறது கஷ்டம் கண்ணு, அத அப்படியே வெச்சிக்கினு மத்த ரெண்டையும் அதுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோ. மொதல்ல ஆதார், அப்புறம் பேங்க்" என்று வரிசை சொல்லி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. பின்னால் நின்ற எங்களுக்கு நேரம் போனதுதான் மிச்சம், ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு ஒரு வருட அலைச்சலை மிச்சப்படுத்திவிட்டார் என்று தோன்றியது.

என் கதை வேறு. நான் பிறந்தது வாலாஜாப்பேட்டையில். பிறப்புச் சான்றில் வட ஆற்காடு மாவட்டம். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தபோது மீதிக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் வந்தது, என் கல்லூரி டி.சி.யில் அதுதான் இருக்கிறது. தொண்ணூறுகளின் பிற்பாதியில் வேலூர் ஆனது, பழைய ரேஷன் கார்டில் அது. 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டம் ஆனதில், இப்போது வீட்டு வரி ரசீதில் ராணிப்பேட்டை மாவட்டம் என்று வருகிறது. வீடு இருந்த இடத்தைவிட்டு ஓர் அடி நகரவில்லை. அப்பா பெயரில் இருந்த பட்டாவை மாற்றப் போனபோது ஒரு அலுவலகத்தில், எந்த ஆபீஸ் என்று சொல்லவில்லை, "நீங்க எந்த மாவட்டம்னு முடிவு பண்ணிக்கினு வாங்க சார்" என்றார்கள். முடிவு பண்ண நான் யார்! இந்தக் கடையில்தான் எந்த வருஷம் எந்தப் பெயர் மாறியது என்று வரிசையாக எழுதி, ஒவ்வொரு தாளும் எந்தக் காலத்தது என்று குறித்து, ஒரு பக்கத்தில் முகப்புக் கடிதம் அடித்துக் கொடுத்தார்கள். அதே கவுன்டரில் அதே ஆள் மறு பேச்சு இல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டார். டைப்பிங் கூலி முப்பது ரூபாய்.

மனு அடிப்பதிலும் அந்த அம்மாவுக்கு ஒரு தனிக் கொள்கை இருக்கிறது. நில உட்பிரிவுக்கு எழுதிப் போட்டுப் பல மாதம் ஆகியும் பதில் இல்லை என்று காட்பாடி பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். அவர் கையோடு கொண்டுவந்த மனுவில் "ஐயா அவர்கள் கருணை கூர்ந்து ஏழையேன் மீது இரக்கம் காட்டி" என்று பாதிப் பக்கம் போகிறது. அந்த அம்மா அதையெல்லாம் நீக்கிவிட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 என்று தலைப்புப் போட்டு, என் மனு எந்தத் தேதியில் யார் மேஜைக்குப் போனது, இப்போது யாரிடம் இருக்கிறது, ஏன் நிற்கிறது என்று மூன்று கேள்வி மட்டும் வைத்தார். பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டச் சொன்னார். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் மேல்முறையீடு, அதற்கும் வாங்க, அடித்துத் தருகிறேன் என்றார். பெரியவருக்குப் பயம். "இப்படி மொட்டையா எழுதினா கோச்சிக்க மாட்டாங்களாம்மா?" "கோச்சிக்கினா கோச்சிக்கட்டும் தாத்தா, பதில் எழுதித்தானே ஆவணும்." இந்த ஒரு பதிலுக்காகவே இன்னொரு அரை ஸ்டார் போடலாம் என்றிருக்கிறேன்.

சரி, இப்போது வாடிக்கையாளர்கள். அதாவது நாம். அங்கே டோக்கன் உண்டு, ஆனால் டோக்கனை யாரும் மதிப்பதில்லை. "ஒரே ஒரு கையெழுத்துதான்", "ஒரே ஒரு பிரின்ட்தான்" என்று தோள்மேல் சாய்ந்துகொண்டு உள்ளே நுழைகிறவர்கள்தான் நாளெல்லாம். கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றிருக்க, நாற்காலியில் இரண்டு காலேஜ் பையன்கள் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்திருக்கச் சொன்ன பிறகுதான் எழுந்தார்கள், அதுவும் ஏதோ நமக்கு உதவி செய்கிற மாதிரி. பைக்கை வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டுப் போன ஒருவர், கட்டை விரலால் கழுத்துச் செயினைத் தேய்த்துக்கொண்டே வந்து, "வருமானம் எழுபத்திரண்டாயிரத்துக்குள்ள போட்டுடும்மா" என்கிறார். அந்தச் செயினே அதைவிட அதிகம் தேறும். அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நீங்க சொல்றதத்தான் நான் அடிப்பேன், கையெழுத்து உங்களுது, வி.ஏ.ஓ. வூட்டாண்ட வந்து பாப்பாரு" என்றார். "இன்னாம்மா, எல்லாரும் போடறதுதானே." இந்த 'எல்லாரும்'தான் இப்போது நம் ஊரின் அரசியல் சாசனம். கவர்மென்ட் மோசம் என்று டீக்கடையில் சத்தம் போடுகிற அதே ஆள்தான், வருமானச் சான்றில் பொய் சொல்லி உண்மையான ஏழை வீட்டுப் பிள்ளையின் உதவித்தொகையை எடுத்துக்கொண்டு போகிறார்.

நம் ஊர்ப் பெருமையில் இதுவும் ஒன்று: 2019 மக்களவைத் தேர்தலில் வாக்காளர்களுக்குக் கொடுக்கப் பணம் வைத்திருந்ததாகப் பெரிய தொகை பிடிபட்டு, நாட்டிலேயே முதல்முறையாக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் பணத்துக்காக ரத்தானது என்றால் அது வேலூர் தொகுதிதான். ஏப்ரலில் நடக்க வேண்டியது ஆகஸ்ட் 5ஆம் தேதி நடந்தது. அப்போது பலர் வாயிலிருந்து என் காதில் விழுந்த கேள்வி "யார் செய்தது" என்பதில்லை, "நமக்கு எப்ப வரும்" என்பதுதான். இதே வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10ஆம் தேதி சிப்பாய்கள் துப்பாக்கி எடுத்தார்கள். நெற்றியில் குறி வைக்காதே, தாடியை எடு, தோல் வைத்த இந்தப் புதுத் தலைப்பாகையைப் போடு என்று கம்பெனிக்காரன் சொன்னது பொறுக்கவில்லை, நான் யார் என்பதை நீ யாருடா சொல்ல என்று எழுந்தார்கள், நூற்றுக்கணக்கில் செத்தார்கள். மக்கான் பக்கத்தில் நினைவுத் தூண் இருக்கிறது, 2006இல் இருநூறாவது ஆண்டுக்குத் தபால்தலைகூட வந்தது. இன்றைக்கு அந்தத் தூணைச் சுற்றி ஆட்டோ நிற்கிறது, அவ்வளவுதான்.

இந்த ஜூலை 10 என்றதும் இன்னொன்று. என் மச்சினர் மகன் சொகுசுக் கப்பலில் சமையல் வேலை பார்க்கிறான், கேட்டரிங் படித்த வேலூர்ப் பையன். பாஸ்போர்ட் புதுப்பிக்க, போலீஸ் சான்று வாங்க, இந்தக் கடைக்குத்தான் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன், வேலை பிசிறில்லாமல் முடிந்தது. கப்பலின் பின்பக்கத்தில் நாசாவ் என்று பஹாமாஸ் தலைநகரின் பெயர் எழுதியிருக்குமாம், அந்த நாட்டில் பதிவு செய்த கப்பல். அந்த நாடு சுதந்திரம் வாங்கியது 1973 ஜூலை 10. போன ஜூலையில் கறுப்பு, நீலப்பச்சை, மஞ்சள் கொடிகளாகத் தெருவெல்லாம் நிறைந்த போட்டோ அனுப்பினான். நாசாவ் துறைமுகத்தில் இறங்கும்போதெல்லாம் பெரியவர்கள் இவனிடம் ஒரே புலம்பலாம். கடைக்குள் நுழைந்தால் குட் மார்னிங் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சு என்பது அவர்கள் ஊர் வழக்கம், இப்போதைய பிள்ளைகள் சொல்வதில்லை, மரியாதை போச்சு, ஊர் வெளியாட்களுக்கு என்று ஆகிவிட்டது, நம் நாடு என்கிற நினைப்பே இல்லை என்று. வேலூரில் பஸ் ஏறினால் கேட்கிற அதே புலம்பல். எல்லா ஊரிலும் பெரியவர்கள் இதைத்தான் சொல்வார்கள் என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் அந்தச் சின்ன நாட்டில் யார் குடிமகன் என்கிற கேள்வியைப் படித்துப் பார்த்தபோது எனக்கு அது வெறும் புலம்பலாகத் தெரியவில்லை.

பஹாமாஸ் ஆண் ஒருவர் வெளிநாட்டுப் பெண்ணைக் கல்யாணம் செய்து, பிள்ளை வெளிநாட்டில் பிறந்தாலும் குடியுரிமை தானாக வந்துவிடும். அதே ஊர்ப் பெண் வெளிநாட்டவரைக் கட்டிக்கொண்டு வெளியூரில் பெற்றால் பிள்ளைக்கு அது தானாக வராது. இதைச் சரிசெய்யலாமா என்று 2002இலும் 2016இலும் மக்களிடமே வாக்கெடுப்பு வைத்தார்கள், இரண்டு முறையும் வேண்டாம் என்றே ஓட்டு விழுந்தது. கவனியுங்கள், தடுத்தது அரசாங்கம் இல்லை, ஓட்டுப் போட்ட ஜனங்கள். அப்புறம், வெளிநாட்டுப் பெற்றோருக்கு, முக்கியமாக ஹெய்ட்டியிலிருந்து வந்தவர்களுக்கு, அங்கேயே பிறந்து அங்கேயே பள்ளிக்கூடம் போன பிள்ளைக்குக் குடியுரிமை கிடையாது. 18 வயது முடிந்து 19 ஆவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை பிறந்த ஊரிலேயே வெளியாள்தான். கல்யாணமாகாத பஹாமாஸ் அப்பாவுக்கு அங்கேயே பிறந்த பிள்ளை குடிமகன்தான் என்று சொல்வதற்கே 2023இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போக வேண்டியிருந்தது. சுதந்திரம் வாங்கி ஐம்பது வருஷம் கழித்தும் கடைசித் தீர்ப்பு லண்டனில்!

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கொடி பறக்கிற கப்பலில் வேலை செய்வதால் என் மச்சினர் மகனிடம் பஹாமாஸ் முத்திரை போட்ட மாலுமிப் பதிவுப் புத்தகம் இருக்கிறது. நாசாவ் நகரிலேயே பிறந்து வளர்ந்த ஹெய்ட்டிக்காரர் மகன் கையில் 18 வயது வரை அந்த நாட்டுக் குடிமகன் என்று சொல்ல ஒரு தாள் இருக்காது.

அந்த ஊரை மட்டும் சொல்லி என்ன ஆகப்போகிறது. அன்றைக்கு அதே கடையில், மேல்மொணவூர் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். அங்கே இருக்கிற அகதிகள் முகாமை 2021இலிருந்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்கிறார்கள், புது வீடுகள் எல்லாம் வந்தன, நல்ல விஷயம்தான். பையன் பிறந்தது வேலூரில், படித்தது வேலூரில், பேசுவது நம்மைவிட அசல் வேலூர்த் தமிழ். பாஸ்போர்ட் வேண்டும், வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றான். வேறு கடையாக இருந்தால் 1,500ஐயும் கூலியையும் வாங்கிக்கொண்டு நிரப்பி அனுப்பியிருப்பார்கள், பிறகு அது திரும்பி வந்தால் அவன் தலையெழுத்து. இந்த அம்மா பிறந்த தேதியைக் கேட்டார். 1987 ஜூலை 1க்கு முன்னால் இங்கே பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள், அதற்குப் பிறகு 2004 டிசம்பர் வரை பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்று சட்டம். இவன் பிறந்தது தொண்ணூறுகளில், அப்பா அம்மா இரண்டு பேரும் இலங்கை. ஆதார் இருக்கே அக்கா என்றான். "ஆதார் இருந்தா நீ இங்க இருக்கிறேன்னுதான் அர்த்தம் தம்பி, குடியுரிமைக்கு அது செல்லாது. நான் காச வாங்கிக்கினு போட்டா உனக்குத்தான் நஷ்டம்" என்று சொல்லி, பக்கத்துக் கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போகச் சொன்னார். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணி ஐகோர்ட்டுக்குப் போய் 2022இல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கியதையும், அவர் 2024 தேர்தலில் ஓட்டுப் போட்டதையும் சொன்னார். உன் தேதிக்கு அது அப்படியே பொருந்தாது, ஆனால் வக்கீலிடம் கேள் என்றார். 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கிறது, இலங்கை இல்லை என்பதையும் பையனே சொன்னான், நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும். அப்போதும் பின்னால் ஒருத்தர், "அவனுக்குத்தான் ஆவாதுன்னு சொல்லிட்டீங்களே, நகரச் சொல்லுங்கம்மா" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன், பல் தேய்க்கிற வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு நிற்கிறார், டோக்கன் எனக்கும் பின்னால்.

ஒரு ஸ்டார் எதற்குக் குறைத்தேன் என்றால், கடையில் உட்கார இடம் போதாது. ஆறேழு பிளாஸ்டிக் நாற்காலி, அதிலும் ஒன்று கால் உடைந்தது. மே மாதம் வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஒரே ஒரு ஃபேன் அந்த அம்மாவின் தாள்கள் பறக்கக் கூடாதென்று வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. கரன்ட் போனால் யு.பி.எஸ். கம்ப்யூட்டரைத் தாங்கும், பிரிண்டரைத் தாங்காது. கூட இருக்கிற உதவிப் பையன் நல்லவன்தான், ஆனால் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே ஸ்கேன் எடுப்பதால் பாதித் தாள் கோணலாக வரும், நீங்களே பார்த்துத் திரும்ப எடுக்கச் சொல்ல வேண்டும். அரசு தளம் சுற்றிக்கொண்டே நிற்பதற்கு அவர்கள் என்ன செய்வார்கள், அதைக் குறையாக எழுதவில்லை.

போகிறவர்கள் திங்கட்கிழமை காலையைத் தவிர்த்துவிடுங்கள், கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள், மாவட்டமே அங்கே நிற்கும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு ஜூன் முடிகிற வரைக்கும் முதல் பட்டதாரிச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் கூட்டம் தெரு வரைக்கும் வரும். மற்ற நாளில் மதியம் மூன்று மணிக்கு மேல் போனால் நிம்மதியாகப் பேசலாம். தாள்களின் அசலைக் கொண்டு போங்கள், வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான போட்டோவைக் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார். முக்கியமாக, ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறதோ அந்த போனையும் கையோடு எடுத்துப் போங்கள். அது பெங்களூரில் ஷிப்டில் இருக்கிற மகனிடம் இருந்தால், ஓ.டி.பி. சொல்ல அவர் போனை எடுக்கிறவரை உங்களுக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் நிற்க வேண்டும்.